கொரென்தே குதிச்சிருச்சு

ஏங்கண்ணு, உம் போனு நின்னு போச்சா? அப்ப இருந்து பாக்கறேன், தேய்க்கறே, தேய்க்கறே, ஒண்ணும் நகரமாட்டேங்குது. ஸி எ ப்ளொக்காத்தோ. அப்படீன்னா ஹேங் ஆயிருச்சுன்னு அர்த்தம். இத்தாலி பாசை. ஆமா, எனக்குத் தெரியும். ஏன், கோபிச்செட்டிபாளையத்துக்காரிக்கு இத்தாலி தெரியக் கூடாதா? இப்படி ஜன்னலோரமா நகந்து உக்காரு, சொல்றேன். கோயமுத்தூர் போய்ச் சேர நெம்ப நேரம் கெடக்குது.

நான் போயிருந்தது தொரீனோ. நம்ம ஆளுக டூரின்னு சொல்லுவாங்க, அது தப்பு. எம் பையன் பூபதிக்கு அங்க டிசைன் வேலை. லவ் மேரேஜ். மருமக பேரு இளவேனில். நல்லாருக்குதில்ல பேரு? அவிங்கம்மா வெச்சது. அவிங்கம்மா தமயந்தி, கும்பகோணத்துல முப்பது வருசம் தமிழ் டீச்சரா இருந்தவிங்க. 'டீ குடிச்சீங்களா'ன்னு கேட்டா 'அருந்தியாயிற்று'ம்பாங்க. நான் குத்தஞ்சொல்லல கண்ணு. நான் யாரையும் குத்தஞ்சொல்ற ஆளே கெடையாது.

பசங்க புதுசா ஊடு வாங்குனாங்க, பால் காய்ச்சப் போனோம். மூணு மாசம் விசா. எங்கூட்டுக்காரரு வரல, மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டோணும்னுட்டாரு. நான் மொதல்ல போயிட்டேன். பத்து நாள் கழிச்சுச் சம்பந்தியம்மாவும் வந்து எறங்கிட்டாங்க. அவிங்க கொண்டு வந்தது ரெண்டு பை நெறைய புஸ்தகம். நான் கொண்டு போனது ரெண்டு லிட்டர் கிரைண்டர். பொட்டில சீலைக்கு நடுவுல சுத்தி வெச்சிருந்தேன். ஏர்போர்ட்ல ஒரு ஆபீசர் தொறந்து பாத்துட்டு, என்னம்மா இதுன்னாரு. கல்லுன்னேன். கல்லு எதுக்குன்னாரு. இன்னொரு கல்லு மேல உருட்டறதுக்குன்னேன். என்ன நெனச்சாரோ, போங்கன்னுட்டாரு.

பசங்க ரெண்டும் காலைல எட்டு மணிக்கு வேலைக்குப் போயிருவாங்க. ஊட்டுல நாங்க ரெண்டு கெழவிக. ஒரு நாள் வாஷிங் மெஷின் தண்ணிய ஒழுக விட்டிருச்சு. தண்ணி கதவுக்கு அடியில போயி, படி எறங்கி, கீழூட்டு மிதியடி வரைக்கும் போயிருச்சு. பக்கத்தூட்டுப் பொண்ணு ஓடியாந்து என்னென்னவோ கேக்குது. சம்பந்தியம்மா இங்கிலீசுல சொன்னாங்க, அதுக்கு வெளங்கல. நான் கையில அலை மாதிரி காட்டி, தலையில கைய வெச்சுக் காட்டுனேன். அந்தப் பொண்ணு எனக்குத் தலைசுத்தல்னு நெனச்சு மாத்திரை கொண்டாந்து குடுத்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் இளவேனில் ஒரு வெள்ளைத் தாள்ல, தமிழ் எழுத்துலயே இத்தாலி எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டுனா. "அத்தை, அம்மா, ரெண்டு பேரும் இத மனப்பாடம் பண்ணிருங்க. ஏதாவது ரிப்பேர்னா இத மட்டும் சொல்லுங்க, போதும்."

நோன் ஃபுன்ட்ஸியோனா, அது வேலை செய்யல. எ ஸ்காரிகோ, சார்ஜ் எறங்கிருச்சு. பெர்தே ஆக்வா, தண்ணி ஒழுகுது. ஸி எ ப்ளொக்காத்தோ, இப்பச் சொன்னனே, அது. அப்பறம் பெரிய மந்திரம் ஒண்ணு. எ சால்தாத்தா லா கொரென்தே. கரண்டு போச்சு. அவிங்க பாசைல கரண்டு போறதில்ல கண்ணு, குதிக்குது. கொரென்தே குதிச்சிருச்சுன்னு சொல்லோணும். கொரென்தே, கரண்டு, ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்குதா? எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, இந்தப் பாசை நமக்கு வந்துரும்னு.

சம்பந்தியம்மா இருக்காங்களே, அவிங்க நோட்டுப் போட்டு, கோடு கிழிச்சு, இலக்கணத்தோட படிச்சாங்க. அந்த ஊர்ல எல்லாச் சாமானுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டாம். போன் ஆம்பளை. வாஷிங் மெஷின் பொம்பளை. பாத்தரங் கழுவற மெஷினும் பொம்பளை. பிரிட்ஜ் ஆம்பளை, திங்கற சாமானையெல்லாம் உள்ள வெச்சுக்கிட்டு சும்மா நிக்குதில்ல. இத நான் சொன்னதுக்கு எம் மருமக அப்படிச் சிரிச்சா. சம்பந்தியம்மா மட்டும், "அஃது இலக்கணம், சிரிப்பதற்கு ஒன்றுமில்லை"ன்னாங்க. போன்னா ஸ்காரிகோவாம், பொம்பளைச் சாமான்னா ஸ்காரிகாவாம். நான் மாத்திச் சொன்னா ஒவ்வொரு தடவையும் திருத்துவாங்க. எனக்குப் போட்டியெல்லாம் கெடையாது. ஆனா அவிங்க ஒரு நாளைக்கு மூணு வார்த்தை படிச்சா நான் அஞ்சு படிச்சிருவேன்.

நான் பேசிப் பழகுனேன் கண்ணு. அதுதான் வித்தியாசம். கீழூட்டுல ஒரு பெரிய மனுசன் இருந்தாரு. எழுவது வயசிருக்கும். ட்ராம் ஓட்டி ரிட்டையர் ஆனவரு, ஒண்டிக்கட்டை. நான் கிரைண்டர் போட்ட மொத நாளே வந்து கதவத் தட்டுனாரு. நெஞ்சுல கைய வெச்சு, அப்பறம் காதுல கைய வெச்சு, "ருமோரே, ஸின்யோரா, ருமோரே"ன்னாரு. பேரச் சொல்றாருன்னு தெரிஞ்சுது. காதக் காட்டறதால காது கேக்காதுன்னும் தெரிஞ்சுது. நானும் நெஞ்சுல கைய வெச்சு, அவரு காதுக்கிட்டப் போயி, "கமலவேணீ"ன்னு சத்தமாச் சொன்னேன். பாவம், ரெண்டு எட்டுப் பின்னால போனாரு.

அதுக்கப்பறம் நான் கிரைண்டர் போடற அன்னைக்கெல்லாம் தவறாம வருவாரு. "ருமோரே!"ம்பாரு. "போன்ஜோர்னோ, ஸின்யோர் ருமோரே!"ன்னு நான் கத்துவேன். நாலு இட்லி, கொஞ்சம் சட்னி வெச்சு ஒரு தட்டுக் குடுத்து அனுப்புவேன். வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிட்டுத் தட்ட வாங்கிக்குவாரு. மாவாட்டற சத்தத்த வெச்சே இட்லின்னு கண்டுபிடிச்சு வர்றாரே, என்ன ஒரு நாக்குன்னு நெனச்சுக்குவேன். மாடிப்படில பாத்தாலும் 'ஸின்யோர் ருமோரே'தான். மத்த ஊட்டுக்காரங்க இருந்தா சிரிச்சுக்கிட்டே போவாங்க. நான் நல்லாப் பேசறேன்னு சந்தோசம் அவிங்களுக்கு.

இப்படி மூணு வாரம் போச்சு.

எம் மருமகளுக்கு அப்ப டெம்பரவரி வேலைதான். வேற ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல நெரந்தர வேலைக்கு எழுதிப் போட்டு, எட்டு மாசமாக் காத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு சுத்து முடிஞ்சு, கடைசிச் சுத்து கம்ப்யூட்டர்ல பேசோணும், ஊட்டுல இருந்தே. பத்து மணிக்கு. அன்னைக்குக் காலைல எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னா. "பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் எதையும் போடாதீங்க. இந்த ஊர்ல ஒரு ஊட்டுக்குக் கொஞ்சங் கரண்டுதான் விடுவாங்க. நாலு சாமான் ஒண்ணாப் போட்டா மீட்டர் விழுந்துரும். மீட்டரு கீழ நெலவறைல இருக்கு. கரண்டு போனா நெட்டும் போயிரும். அந்த ரூம்ல போன் சிக்னலும் வராது. புரிஞ்சுதா அத்தை?"

அம்மாவப் பாத்துச் சொல்லல, என்னப் பாத்துச் சொன்னா. அத வுடு.

அன்னைக்குன்னு பாத்து நான் உளுந்து ஊறப் போட்டிருந்தேன். ஒம்பதே முக்காலுக்குப் பாக்கறேன், ஊறி மெத்துன்னு நிக்குது. மருமக ரூம் கதவு சாத்தியிருக்குது, சத்தம் அங்க எங்க போகப் போகுது? கா மணி நேரத்துல அள்ளிரலாம்னு போட்டுட்டேன். கிரைண்டரு வெறும் நூத்தம்பது வாட்டு, கண்ணு. ஒரு பெரிய பல்பு. அதால எங்கிருந்து மீட்டரு விழும்? சம்பந்தியம்மா என்ன பண்ணுனாங்க தெரியுமா? எங்கிட்டச் சொல்லாமயே வாஷிங் மெஷினத் திருகி விட்டிருக்காங்க, சுடுதண்ணில. அதுதான் காரணம். சத்தியமா அதுதான். நான் ஓவன்ல கத்திரிக்கா சுட வெச்சிருந்தேன், அது வேற விசயம்.

பத்தே கால். பட்டுன்னு எல்லாம் அடங்கிப் போச்சு. கிரைண்டர் நின்னுது. பிரிட்ஜ் சத்தம் நின்னுது. அந்த அமைதியில நானும் சம்பந்தியம்மாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம்.

ரூம் கதவு தொறந்துது. இளவேனில் நின்னா. மேல கோட்டு, கீழ ஊட்டுல போடற பைஜாமா. திட்டுவான்னு பாத்தேன். திட்டல. என்னையப் பாத்தா, அவிங்கம்மாவப் பாத்தா, ஓவனப் பாத்தா. "பாதி கேள்வியில நின்னு போச்சு, அத்தை"ன்னா. அவ்வளவுதான். கொழந்தை கீழ விழுந்து, அழுகலாமா வேண்டாமான்னு பாக்குமே, அந்த மூஞ்சி. இப்ப சொல்லும்போதுகூடக் கண்ணு முன்னால நிக்குது.

"நீ அங்கயே உக்காரு சாமி"ன்னுட்டு ஓடுனேன். மாவுக் கையோட. பின்னாலயே சம்பந்தியம்மா. மூணு மாடி. அந்தம்மாவுக்கு முட்டி வலி, அன்னைக்கு எனக்கு முன்னால போறாங்க.

நெலவறைக்குள்ள போனா, ஒரு செவுரு முழுக்க மீட்டரு. பன்னண்டு பொட்டி, ஒண்ணு மாதிரியே ஒண்ணு. பேரு எழுதியிருந்த சீட்டெல்லாம் நைஞ்சு போய்க் கெடக்குது. நான் ஒண்ணப் புடிச்சுக் கீழ இழுத்தேன். மேல எங்கயோ ஒருத்தர் டிவி நின்னுது.

"அது நம்முடையதன்று!"ன்னாங்க சம்பந்தியம்மா.

"எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனால் அதுவன்று."

அதுக்குள்ள பைஜாமாவோட ஸின்யோர் ருமோரே எறங்கி வந்துட்டாரு. நான் நிறுத்துனது அவரு மீட்டராம். அவரப் பாத்ததும் எனக்கு உசுரு வந்துது. பிரிட்ஜ்ல ஒட்டுன தாள நெனச்சுப் பாக்கறேன், பெரிய மந்திரம் மட்டும் வரவே மாட்டேங்குது. நாப்பது தடவ சொல்லிப் பாத்தது, தொண்டையில நிக்குது. வந்ததச் சொன்னேன். நுவோரான்னா மருமக, அது எனக்குத் தெரியும். "நுவோரா ஸ்காரிகோ! ஸி எ ப்ளொக்காத்தோ! நுவோரா நோன் ஃபுன்ட்ஸியோனா!"

"ஸ்காரிகா! ப்ளொக்காத்தா! மருமகள் பெண்பால்!"னு சம்பந்தியம்மா பின்னால இருந்து திருத்தறாங்க. அந்த நேரத்துலயும்!

நான் என்ன சொல்லிட்டேன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. மருமக சார்ஜ் எறங்கிட்டா, மருமக நின்னு போயிட்டா, மருமக வேலை செய்யலன்னு சொல்லியிருக்கறேன். அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அந்தப் பிள்ளை மயங்கி விழுந்துருச்சுன்னு நெனச்சுட்டாரு. ரெண்டு மீட்டரையும் டக்டக்குனு தட்டி விட்டாரு, அவருக்கு எது எதுன்னு தெரியும்போல. அப்பறம் "மதோன்னா!"ன்னு மாதாவக் கூப்பிட்டுக் கத்திட்டு, ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி ஓடறாரு. நாங்க பின்னால ஓடறோம்.

ஊட்டுக் கதவு தொறந்துதான் கெடந்துது. நேரா ரூமுக்குள்ள பூந்துட்டாரு.

அங்க என்னாச்சுன்னா, கரண்டு வந்து, நெட்டு வந்து, எம் மருமக மறுபடியும் பேச ஆரம்பிச்சு அர நிமிசங்கூட ஆகல. கம்ப்யூட்டர்ல அஞ்சு பேரு தெரியறாங்க, கோட்டுப் போட்டுக்கிட்டு. பைஜாமா போட்ட கெழவரு ஒருத்தரு வந்து இளவேனிலோட நெத்தியத் தொட்டுப் பாக்கறாரு, கையப் புடிச்சு நாடி பாக்கறாரு. பின்னால சீலை கட்டுன ரெண்டு பேரு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறோம். எங்கையில உளுந்து மாவு. கரண்டு வந்ததும், ஓவனும் வாஷிங் மெஷினும் நின்னது நின்னபடி இருக்க, கிரைண்டர் மட்டும் தானாச் சுத்த ஆரம்பிச்சுருச்சு, கடகடகடன்னு.

கம்ப்யூட்டர்ல நடுவுல இருந்த அம்மா, கண்ணாடிய எறக்கி என்னமோ கேட்டாங்க. "கே கோஸ் எ க்வெஸ்தோ ருமோரே?"

எனக்கு ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது. அதுக்குள்ள ஒருத்தர் பேரச் சொல்லிக் கேக்கறாங்கன்னா மரியாதையா அறிமுகம் பண்ணோணுமில்ல? நான் அவரு கையப் புடிச்சு முன்னால இழுத்து, "ஸீ, ஸீ! ருமோரே! ஸின்யோர் ருமோரே!"ன்னேன். ஸீன்னா ஆமா.

அஞ்சு பேரும் சிரிச்சாங்க கண்ணு. அப்படிச் சிரிச்சாங்க. ஒருத்தர் ஸ்கிரீன விட்டே கீழ போயிட்டாரு. அந்தக் கெழவரு என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, நேரா சமையலறைக்குப் போயி, கிரைண்டர் ஒயரப் புடுங்கிட்டு, வந்த வழியே போயிட்டாரு.

ருமோரேன்னா சத்தம்னு அர்த்தமாம். மூணு வாரமா வந்து 'சத்தம், அம்மா, சத்தம்'னு சொல்லியிருக்காரு அந்த மனுசன். நான் 'வணக்கம், திருவாளர் சத்தம்'னு கூப்பிட்டு இட்லி குடுத்து அனுப்பியிருக்கறேன். இளவேனில் சாயங்காலம் இத வெளக்கிச் சொல்லும்போது சிரிக்கல. சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிட்டா.

மூணு நாள் ஒரு தகவலும் வரல. பூபதி வந்து பொதுவா, "ஒண்ணும் ஆகாதும்மா"ன்னான். ஆகாதுன்னு சொல்றவன் மூஞ்சியப் பாத்தா ஆயிருச்சுன்னுதான் தெரியுது. நானும் சம்பந்தியம்மாவும் ஊட்டுல ஒரு ஸ்விட்சையும் தொடல. ரொட்டியத் தின்னோம். துணிய குளிக்கற தொட்டில போட்டு ரெண்டு பேருமாக் கையில தொவைச்சோம். நான் ஒரு முனை, அவிங்க ஒரு முனை, சீலையப் புடிச்சுப் புழியறோம். திடீர்னு சொன்னாங்க, "வாஷிங் மெஷினப் போட்டது என் தப்புதான், கமலவேணி." அவிங்க வாயில இருந்து சாதாரணத் தமிழ் வந்து நான் கேட்டது அப்பத்தான். "ஓவன் நான் போட்டது"ன்னேன். அதச் சொல்லோணும்னு நெனைக்கல, வந்துருச்சு. ரெண்டு பேரும் மீதித் துணியப் புழிஞ்சோம்.

நாலாவது நாள் மெயில் வந்துது. வேலை கெடச்சிருச்சு! இளவேனில் சமையலறைக்கு ஓடியாந்து, மொதல்ல யாரக் கட்டிப் புடிச்சான்னு நெனைக்கற? சரி, அவிங்கம்மாவத்தான். ரெண்டாவது நான். அந்த மெயில்ல எழுதியிருந்தாங்களாம், இவ்வளவு கலாட்டாவுக்கு நடுவுலயும் கொஞ்சங்கூடப் பதறாம பதில் சொன்னீங்க, அப்படிப்பட்ட ஆளுதான் எங்களுக்கு வேணும்னு. எனக்குத் தெரியும் உண்மையான காரணம். இந்தப் பிள்ளையோட மாமியாரே இவ்வளவு இத்தாலி பேசறாங்கன்னா, பிள்ளை எவ்வளவு பேசும்னு யோசிச்சிருப்பாங்க. அத எப்படி மெயில்ல எழுதுவாங்க?

அன்னைக்கே தட்டு நெறைய இட்லியோட கீழ எறங்கிப் போனேன். 'மி திஸ்பியாச்சே'ன்னா மன்னிச்சுக்கோங்கன்னு அர்த்தம், அதப் படிச்சுட்டுத்தான் போனேன். சம்பந்தியம்மாவும் கூட வந்தாங்க, திருத்தறதுக்கு. கதவத் தொறந்தாரு. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நெஞ்சுல கைய வெச்சு, "எத்தோரே"ன்னாரு. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. "எத்-தோ-ரே." அதுதான் அவரு பேரு. அப்பறம் என்னையக் காட்டி, "ருமோரே"ன்னாரு. சொல்லிட்டு அவருதான் மொதல்ல சிரிச்சாரு.

கிரைண்டருக்கும் அவரே இளவேனில் மூலமா ஒரு வழி சொன்னாரு. பதினொரு மணிக்கு அவரு காப்பிக் கடைக்குப் போயிருவாரு, பன்னண்டரைக்குத்தான் வருவாரு. அந்த நேரத்துல அவரு ஊட்டுலயே வெச்சு ஆட்டிக்கோங்க, உங்க மீட்டரும் விழாதுன்னு சாவியக் குடுத்துட்டாரு. ஒரு நாள் சீக்கிரம் வந்துட்டாரு. கல்லு சுத்தறத நின்னு பாத்தாரு. ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து பாத்தாரு. அடுத்த நாள் காப்பிக் கடைக்கே போகல. எனக்கு விசா முடிஞ்சு கெளம்பும்போது, கிரைண்டர் எங்கயும் போகக் கூடாதுன்னுட்டாரு. அவரே உளுந்து ஊறப் போடறாரு இப்ப.

இதுல எனக்கு ஒரு வருத்தம் இருக்குது. நான் கெளம்பி வந்தப்பறம் சம்பந்தியம்மாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்துதில்ல? அந்தப் பத்து நாள்ல அந்த மனுசனுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்திருக்காங்க. கிரைண்டர் ரிப்பேர் ஆனா எனக்குச் சொல்றதுக்குன்னு தாள்ல இத்தாலி எழுத்துல எழுதி, அவரு ஊட்டு பிரிட்ஜ்ல ஒட்டி வெச்சுட்டு வந்திருக்காங்க. போன வாரம் வீடியோ கால்ல வர்றாரு. சட்டையெல்லாம் மாவு. தாளப் பாத்துப் படிக்கறாரு: "அம்மையீர், வணக்கம். அரைவைக்கல் சுழலவில்லை. பட்டை அறுந்துவிட்டது."

அம்மையீராம்! எங்கூட்டுக்காரரு முப்பத்தெட்டு வருசத்துல ஒரு நாளாவது என்னைய அப்படிக் கூப்பிட்டிருப்பாரா? கிரைண்டரு என்னுது, இட்லி என்னுது, மொதல்ல பேசுனது நான். இப்ப அந்த மனுசன் பேசறதெல்லாம் கும்பகோணம்!

அதான் கண்ணு, இப்ப கோயமுத்தூருக்கு பெல்ட்டு வாங்கத்தான் போறேன். பூபதி சிநேகிதன் ஒருத்தன் வெயாழக்கெழமை பிளேன் ஏறறான், அவங்கிட்டக் குடுத்து உடோணும். பெல்ட்டுக்கு இத்தாலில சிங்யா. ஒரு வாரமாச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கறேன். எப்படி மாட்டறதுன்னு நானேதான் சொல்லிக் குடுப்பேன், சம்பந்தியம்மாவ நடுவுல உடறதில்ல. தெனம் ஒரு தடவ கூப்பிடறாரு. அவரு தமிழ்ல கேக்கறாரு, நான் இத்தாலில பதில் சொல்றேன். அவரு சொல்றது எனக்குப் புரியறதில்ல, நான் சொல்றது அவருக்குப் புரியறதில்ல. எங்கூட்டுக்காரரு நேத்து கடியாரத்தப் பாத்துட்டுச் சொல்றாரு, முக்கா மணி நேரம் பேசியிருக்கறயேன்னு.